புஷ்பமேரிக்கு அடித்த மணி

சவேரியார்மேட்டில் மழையை நிறுத்துவது யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட இரண்டு பேரைச் சொல்லும். ஒருவர் ஆண்டவர். இன்னொருவர் கோயில்பிள்ளை அடைக்கலராஜ். அவசரத்தில் கேட்டால் வரிசை மாறி வருவதும் உண்டு.

தாண்டிக்குடிக்குக் கீழே, ஜீப் மட்டுமே இறங்கத் துணிகிற பாதையில் இருக்கிற ஊர் அது. பாறை மேல் சவேரியார் கோயில், கோயிலை ஒட்டிக் கோயில்பிள்ளையின் வீடு. பாறைக்குக் கீழே சரிவில், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே பதினொரு வீடுகள். அதற்குக் கீழ்வரிசை என்று பேர். மேல்வரிசை எங்கே என்று கேட்க வேண்டாம், கிடையாது. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை வைக்க வருவார். மற்ற நாளெல்லாம் கதவு திறப்பதும் விளக்கு ஏற்றுவதும் மணி அடிப்பதும் அடைக்கலராஜின் சோலி.

இருப்பது ஒரே மணிதான். ஆனால் அதை மூன்று விதமாக அடிப்பார்கள். பூசைக்கு அடிப்பது ஒன்று. துக்கத்துக்கு விட்டு விட்டு அடிப்பது ஒன்று: ஆண் செத்தால் மும்மூன்றாக, பெண் செத்தால் இரண்டிரண்டாகத் தொடங்கி, பிறகு செத்தவரின் வயதை ஒவ்வொன்றாக எண்ணி அடிக்க வேண்டும். அது கேட்டால் வீட்டுக்கு ஒரு ஆளாவது கோயிலுக்கு ஏறி வந்துவிடும். மூன்றாவது காத்துமணி. புயலோ இடியோ ஆலங்கட்டியோ வந்தால் மூச்சு விடாமல் அடிப்பது. அது கேட்டதும் ஊர் கதவைச் சாத்தி, மந்திரித்த மெழுகுதிரியை ஏற்றி, செபமாலையோடு முழங்காலில் நிற்கும். காற்று ஓய்ந்து கோயில்பிள்ளை முடிவு மணி அடிக்கும் வரை யாரும் வாசற்படி தாண்டக் கூடாது. இடி விழுந்தாலும் தாண்ட மாட்டார்கள்.

வழக்கம் பழையது. அடைக்கலராஜின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது பதினொரு வருடத்துக்கு முன்பு. காப்பி பூத்திருந்த ஒரு பங்குனி மத்தியானம், ஆடலூர்ப் பக்கமிருந்து ஆலங்கட்டி மழை தோட்டம் தோட்டமாக அடித்துக்கொண்டு வந்தது. அடைக்கலராஜ் உள்ளங்கை உரியும்வரை அடித்தார். மழை ஓடைக் கரை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அக்கரையில் ஒரு பூ மிச்சமில்லை, இக்கரையில் ஒரு பூ உதிரவில்லை. அதற்கப்புறம் ஆடலூர்க்காரர்கள் வாழைத்தாரோடு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "நான் என்னத்தச் செஞ்சேன், எல்லாம் அவரு செயல்" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையை ஒரு தரம் விரித்துக் காட்டுவார் மனுசன்.

அதிலிருந்து புயல் என்றால் அவருக்குப் பயமே இல்லாமல் போயிற்று. கயிற்றைப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் காற்றைப் பார்த்து "போ, போ" என்பார். அவருடைய மனைவி புஷ்பமேரி ஒருத்திதான் அதை மதிக்கவில்லை. "முப்பத்தாறு வருசமா என்னயவே உங்களால அதட்ட முடியல. காத்த அதட்டுறீங்களாக்கும்" என்பாள்.

இந்தக் கார்த்திகையில் வந்த புயல் மூன்று நாளாக மலையை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாளே கரண்ட் போய், செல்போன் டவரும் செத்துவிட்டது. ஜீப் ஓட்டுகிற மருமகன் பிரசாந்த் தாண்டிக்குடியில் மாட்டிக்கொண்டான். அவன் மனைவி, அடைக்கலராஜின் ஒரே மகள் அனிட்டா, கீழ்வரிசையில் கடைசி வீட்டில் பத்தொன்பது நாள் பிள்ளையோடு இருந்தாள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட புஷ்பமேரிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதென்று மேலே வந்து படுத்திருந்தாள். மூன்றாம் நாள் வெள்ளனே, காற்று கோயில் ஓட்டைப் பெயர்க்கத் தொடங்கியதும், அடைக்கலராஜ் காத்துமணி அடித்தார். கீழே பதினொரு கதவுகளும் சாத்திக்கொண்டன.

எட்டு மணி இருக்கும். அவர் கை மாற்றிக்கொண்டு இன்னும் அடித்துக்கொண்டிருந்தபோது, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருளாயி வந்து நின்றாள். பளியர் என்ற மலைக்குடியில் பிறந்தவள்; தேனும் கடுக்காயும் எடுப்பாள், மற்ற நாளில் தோட்டத்தில் வேலை. அவள் கோயிலுக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நேராக மணிக்கூண்டுக்கே வந்துவிட்டாள்.

"அய்யா, ஓடை நின்னுபோச்சு" என்றாள்.

"நிக்கட்டும். மழையும் நின்னுரும்."

"இம்புட்டு மழையில ஓடை எப்படிங்கய்யா நிக்கும்? மேல எங்கயோ அடச்சுக்கிருச்சு. சூசையண்ணன் வீட்டுக்குப் பின்னால செவப்புத் தண்ணி புதுசாப் பொங்குது. சவுக்கு மரம் எல்லாம் சாஞ்சு நிக்குது. எங்க சனம் வெள்ளனே பாறைப் பக்கம் ஏறிருச்சு. இவங்களையும் ஏறச் சொல்லுங்க."

"காத்துமணி அடிச்சிருக்கேன்ல இருளாயி. ஒண்ணும் ஆகாது."

"அதான் அவங்களும் சொல்றாங்க" என்றாள் இருளாயி. "வீடு வீடாத் தட்டிட்டுத்தான் வாரேன். ஒருத்தரும் கதவத் தொறக்கல. கோயில்பிள்ளை அய்யா மணி அடிச்சிட்டாரு, இனி பயமில்ல, நீ போ ஆத்தான்னு உள்ளருந்தே சொல்றாங்க. அனிட்டா பாப்பாவும் அதேதான் சொல்லுச்சு. எங்கப்பா அடிக்கிறப்ப நான் படி தாண்டுவேனாங்குது."

அடைக்கலராஜின் கையில் கயிறு நின்றது. அவர் பாறை விளிம்புக்குப் போய்க் குனிந்து பார்த்தார். கோயிலுக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே, பாதையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, காப்பிச் செடிகளுக்குள் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. நேற்று மாலை அது அங்கே இல்லை. சறுக்கி இறங்கிக் காலை அதில் வைத்துப் பார்த்தார். முழங்கால் வரை போயிற்று. அவர் காலடியில் மண் லேசாக, மாடு தோலைச் சிலிர்ப்பது மாதிரி அசைந்தது. கீழே பதினொரு வீட்டுக் கதவிடுக்கிலும் மெழுகுதிரி வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அவரை நம்பி உள்ளே இருந்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடத்தான் பார்த்தார். நேராகக் கடைசி வீடு, அனிட்டா, பிள்ளை; அவருக்கு அப்போது அது மட்டும்தான் தெரிந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்த புஷ்பமேரி மேலிருந்து கூப்பிட்டாள். இருளாயி சொன்னதையெல்லாம் அவள் கேட்டிருந்தாள்.

"எங்க ஓடுறீங்க? உங்க முழங்காலோட நீங்க இறங்கி, பதினோரு கதவத் தட்டி, புயலு நிக்கிறதுக்கு முன்னாடி ஏன் வெளிய வரணும்னு ஒவ்வொருத்தருக்கும் வெளக்கம் சொல்லிக் கூட்டிட்டு வரணும். மலை அதுவரைக்கும் காத்திருக்குமா?"

"பின்ன என்ன செய்யச் சொல்ற? முடிவு மணி அடிச்சாக் கதவத் தெறந்துட்டு அடுப்பத்தான் பத்த வைப்பாங்க. ஏறி வர மாட்டாங்க."

"துக்கமணி அடிங்க."

அவர் ஏறி வந்து அவள் முகத்தைப் பார்த்தார். காய்ச்சலில் பேசுகிறாளோ என்று நினைத்தார்.

"வீட்டுக்கு ஒரு ஆளுதான் வரும், மேரி. மத்தவங்க அங்கதான கெடப்பாங்க. பச்சப் புள்ளக்காரி துக்கத்துக்கு வர மாட்டா. நம்ம புள்ள வராது."

"யாருக்கோ அடிச்சா வராது. எனக்கு அடிங்க."

சொல்லிவிட்டு அவள் தூணில் சாய்ந்துகொண்டாள். ஊரில் முப்பது வருடமாக ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவள் கையால் காதில் திருகு வாங்காமல் அந்த ஊரில் ஒரு பிள்ளையும் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியதில்லை. "நான் செத்தா எல்லாரும் வருவாங்க. பெத்த தாயின்னா அவளும் வருவா" என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை, அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

உயிரோடு இருக்கிறவளுக்குத் துக்கமணி அடிப்பதா? அடித்தால் வருடம் திரும்புவதற்குள் மணி அந்த ஆளைக் காவு கேட்டுவிடும் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. அடைக்கலராஜ் அதை நம்புகிறவர். மணிக்குச் சக்தி உண்டென்று பதினொரு வருடமாக ஊரையே நம்ப வைத்தவர் நம்பாமல் இருப்பாரா?

"என்னால முடியாது, புள்ள."

"காத்த அதட்டத் தெரிஞ்சுச்சுல்ல? வெரசா அடிங்க."

அவர் கயிற்றைப் பிடித்தார். இரண்டு. நிறுத்தம். இரண்டு. நிறுத்தம். மூன்றாவது இரண்டு அடித்ததும் கீழே ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. இந்த மழையில் கீழே யார் செத்திருந்தாலும் மேலே சேதி வந்திருக்காது என்பது யாருக்கும் தெரியும். மேலே இருக்கிற பெண் ஒருத்திதான்.

"அம்பத்தாறா, அம்பத்தேழா?" என்று கயிற்றைப் பிடித்தபடியே கேட்டார்.

"அம்பத்தாறு. ஒண்ணக் கூட்டிறாதீங்க" என்றாள் புஷ்பமேரி.

இருளாயிக்குத்தான் அடுத்த யோசனை வந்தது. "அக்கா, நீங்க இங்க நின்னா மொதல்ல வாரவங்க பாத்துட்டுக் கீழ போயிச் சொல்லிருவாங்க. அம்புட்டுப் பேரும் வந்து சேருற வரைக்கும் நீங்க செத்தவகதான். உள்ள போங்க." புஷ்பமேரி பூசை உடுப்பு வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே இருளாயி சாக்கோடு காவலுக்கு நின்றாள்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அடைக்கலராஜ் அடித்தார். பதினொரு வருடமாக இதே கயிற்றைப் பிடித்துக் காற்றை விரட்டியிருக்கிறார். இன்றைக்கு வாயில் ஒரு "போ"வும் வரவில்லை. ஆண்டவரிடம் ஏதாவது கேட்கலாமென்றால் அதுவும் வரவில்லை. இருபது அடித்தபோது அவளைப் பெண் பார்க்கப் போன நாள் வந்தது. இருபத்தொன்பதில் அனிட்டா பிறந்தாள். நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு நிஜமாகவே அவள் செத்துவிட்டது போல ஆகிவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே அடித்தார். ஏறி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு எதையும் கேட்கவில்லை.

சூசை முதலில் வந்தார், வாயைப் பொத்திக்கொண்டு. பின்னால் அவர் மனைவி, மகன்கள், பேரப்பிள்ளைகள். பிறகு பாதை முழுக்க ஆட்கள். குடையை யாரும் எடுக்கவில்லை. வெடிப்பைத் தாண்டும்போதுகூட யாரும் குனிந்து பார்க்கவில்லை. பெண்கள் பாதையிலேயே அழத் தொடங்கியிருந்தார்கள். "டீச்சரம்மா, எங்கள விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று கோயிலுக்குள் எழுந்த ஓலத்தைச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து புஷ்பமேரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே கூச்சமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். கொஞ்சம் அழுகையும் வந்ததாம்.

ஐம்பத்தாறு முடிந்தது. அடைக்கலராஜ் தலைகளை எண்ணினார். நாற்பத்தொன்பது பேர் இருக்க வேண்டும். நாற்பத்தேழு இருந்தது. மறுபடியும் எண்ணினார்.

"அனிட்டா எங்க?"

சூசையின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு முன்னால் வந்தாள். "பச்சப் புள்ளக்காரி, இந்த மழையில வேணாந்தாயி, அடக்கத்துக்கு முன்ன ஒரு வாட்டி வந்து மொகத்தப் பாத்துக்கலாம்னு நான்தான் அண்ணே சொல்லிட்டு வந்தேன்" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அந்த நல்ல மனசை அப்போது என்ன செய்வதென்று அடைக்கலராஜுக்குத் தெரியவில்லை.

கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். காற்று சற்றே ஓய்ந்திருந்தது. கீழே சவுக்கு மரங்களில் ஒன்று நின்ற வாக்கில் ஒரு முழம் நகர்ந்ததைப் பார்த்தார். "ஆண்டவரே" என்றார். நிறுத்து என்று சொல்லத் தோன்றவில்லை. இத்தனை பெரிய மலையை ஒரு முழம் நகர்த்துகிறவரிடம் போய்க் கயிற்றையும் மணியையும் காட்டிக்கொண்டு நின்றோமே என்று உடம்பெல்லாம் கூசியது. பாதையில் கால் வைத்தார்.

அப்போதுதான் வெடிப்புக்கு அந்தப் பக்கம் அனிட்டா தெரிந்தாள். தலைமுடி அவிழ்ந்து, செருப்பில்லாமல், பிள்ளையைச் சேலைக்குள் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏறி வந்தாள். வெடிப்பு இப்போது ஒரு ஆள் அகலத்துக்கு விரிந்திருந்தது. அடைக்கலராஜ் இறங்கிக் கையை நீட்டினார். அவள் அவர் கையைப் பிடித்துத் தாண்டினாள். தாண்டியதும் கையை உதறினாள்.

"காச்சல்தான்னு சொன்னீங்க. நேத்துகூடச் சொல்லி அனுப்புனீங்களேப்பா" என்றாள். அவர் அவளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்.

கோயில் வாசலில் புஷ்பமேரி போர்வையோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் குரல் கேட்டதும் இருளாயியைத் தள்ளிவிட்டு வெளியே வந்திருந்தாள். கோயிலுக்குள் ஓலம் அப்படியே பாதியில் நின்றுவிட்டது. அனிட்டா அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. பிறகு திரும்பி அப்பாவை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே இருக்க, மலை போயிற்று.

சத்தம் பிறகுதான் வந்தது. முதலில் கீழ்வரிசைக்கு மேலிருந்த காப்பித் தோட்டம், செடியும் கொடியும் மரமும் நின்றது நின்றபடி, மெதுவாக நடந்து போனது. பிறகு வேகம் பிடித்தது. பதினொரு வீடுகளையும் மூடி, ஓடையையும் மூடி, அதற்கப்பால் மரங்கள் இருந்த இடத்தை வெறும் சிவப்பாக ஆக்கிவிட்டு, எங்கோ அடியில் போய் நின்றது. பாறை நடுங்கியது. மணி தானாக ஒரு தரம் முனகியது. ஒருவரும் அழவில்லை. பெரியவர்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருவராக, யாரும் சொல்லாமலே, முழங்கால் போட்டார்கள். எந்தச் செபத்தைச் சொல்வதென்று யாருக்கும் வரவில்லை. அனிட்டாவின் பிள்ளை மட்டும் பசிக்கு அழுதது.

வெகுநேரம் கழித்துச் சூசை எழுந்து வந்து அடைக்கலராஜின் காலைத் தொட்டார். "மணி அடிச்சு எங்க உசுரக் காப்பாத்துனீங்க. உங்க மணிக்கு இருக்கிற சக்தி வேற யாருக்கும் இல்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

அடைக்கலராஜ் காலை இழுத்துக்கொண்டார். "ஏலே சூசை, காலைல நான் அடிச்ச மணிதான் உங்களையெல்லாம் உள்ள வச்சுப் பூட்டுச்சு. அந்த இருளாயி மட்டும் வரலன்னா, இந்நேரம் நான் இங்க நின்னு போ போன்னு காத்த வெரட்டிக்கிட்டிருப்பேன். நீங்க அந்த மண்ணுக்கடியில முழங்கால்ல நின்னுக்கிட்டிருப்பீங்க. பதினோரு வருசமா நான் சொல்லிருக்கணும். அன்னிக்கி ஆலங்கட்டி ஓடைக்கரையில ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அது அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும்னு நீங்க நெனச்சீங்க, நான் நெனைக்க விட்டேன்."

சூசையின் மனைவி ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பவும் கிளம்பியது. பாதை வழியாக ஆட்கள் மீட்க வர நேரமாகும். கூரை ஓடுகளில் இரண்டு பெயர்ந்து விழுந்ததும், கோயிலுக்குள் இருந்த நாற்பத்தொன்பது பேரில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் அடைக்கலராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். "அய்யா, காத்துமணி" என்று யாரோ தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். சொன்னவருக்கே அது சரியாகப் படவில்லை என்பது குரலில் தெரிந்தது.

"காத்தும் மலையும் அவரு பேச்சத்தான் கேக்கும்" என்றார் அடைக்கலராஜ். "என் மணியக் கேக்குறது நீங்கதான். எல்லாரும் பாறைப் பக்கத்துச் சுவரோரமா வந்து உக்காருங்க."

எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இருளாயி வாசலிலேயே நின்றாள். புஷ்பமேரி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் போர்வையில் பாதியைக் கொடுத்தாள். அனிட்டா இன்னும் அப்பாவிடம் பேசவில்லை. ஆனால் பால் குடித்துத் தூங்கிப்போன பிள்ளையை அவர் மடியில் கொண்டுவந்து போட்டாள்.

காற்று கதவை உலுக்கியது. அடைக்கலராஜ் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு புயலில் அவர் கையில் கயிறு இல்லை. உள்ளங்காலிலிருந்து பயம் ஏறிற்று. நல்ல பயம். அதை அவர் ஒளிக்கவில்லை.

"மேரி, பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் புஷ்பமேரி. நகர்ந்து அவர் பக்கத்தில் முழங்கால் போட்டாள்.